நடுவில் வரும் பந்து

எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த வாரம்தான் டென்னிஸ் ஆடத் தொடங்கினேன். தினமும் நடந்தால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் உத்திரமேரூரில் நான் நடக்கப் போனால் தெருவுக்கு நாலு பழைய மாணவர்கள் நிறுத்தி, "இன்னா டீச்சர், இந்தப் பக்கம்?" என்று விசாரிப்பார்கள். நின்று நின்று பேசினால் எங்கே உடம்பு இளைக்கும்? என் மகன் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன ராக்கெட் ஒன்று பீரோமேல் கிடந்தது. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு அரிசி மில்லுக்குப் போனேன்.

அரிசி மில்லில் டென்னிஸா என்று கேட்பீர்கள். மில்லுக்காரரின் மனைவி சென்னையில் கல்லூரியில் படிக்கும்போது டென்னிஸ் ஆடியவர். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருடம் அதை மறந்திருந்தவருக்கு, பிள்ளைகள் வெளியூர் போனதும் பழைய ஆசை திரும்ப வந்துவிட்டது. நெல் காயவைக்கும் சிமெண்ட் களத்தின் குறுக்கே ஒரு வலையைக் கட்டிவிட்டார். களம் கட்டம் கட்டமாகப் போட்டது. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே தார் ஊற்றியிருக்கும். அந்தத் தார்க்கோடுகள்தான் எங்களுக்கு எல்லை. அளந்து பார்த்தால் சட்டப்படி இருக்க வேண்டிய அகலத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும், நாங்கள் அளக்கவில்லை. காலையில் நெல்லைப் பரப்புவார்கள். சாயங்காலம் ஓரமாகக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுவார்கள். அதற்குப் பிறகு இருட்டும்வரை களம் எங்களுடையது.

மில்லுக்காரம்மா, ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி, நான் என்று மூன்று பேர் சேர்ந்தோம். ஜோடி சேர்ந்து ஆட நாலாவது ஆள் வேண்டும். களத்தில் நெல் புரட்டும் பெண்களில் ஒருத்தி வேலை முடிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டு, "சும்மா வந்து நில்லு, பந்து வந்தா தட்டு" என்றார் மில்லுக்காரம்மா.

வந்து நின்றாள். தட்டினாள். செருப்பில்லாத கால். பகலெல்லாம் அந்தக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்துதான் நெல்லைப் புரட்டுவாள், அதனால் எந்த இடத்தில் வெடிப்பு, எங்கே மேடு, எந்தக் கட்டத்தில் பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு மாதத்தில் நர்ஸைவிட நன்றாக ஆடினாள். அவளை என் ஜோடியாகப் போட்டார்கள். நான் கற்றுக்கொடுப்பேன் என்றுதான் என்னிடம் விட்டிருக்கிறார்கள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் ஆட்டத்துக்கு முட்டுக்கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஏரிக்கரையை ஒட்டிய இருளர் குடியிருப்பில் வீடு. அவள் பெண் எங்கள் பள்ளியில் ஒன்பதாவது, என் வகுப்பு. அந்தக் குடியிருப்பில் பாதிக் குடும்பங்கள் தை மாதம் செங்கல் சூளைக்குக் கிளம்பிவிடும். பிள்ளைகளும் கூடவே போகும். ஆனி மாதம் திரும்பி வரும்போது படிப்பு அறுந்துபோயிருக்கும், பிறகு யாரும் அதை முடிச்சுப் போட்டுக்கொள்ள வருவதில்லை. இவளுக்கு மில்லில் வருடம் முழுக்க வேலை இருந்ததால் இந்த ஒரு குடும்பம் மட்டும் எங்கும் போகவில்லை. அந்தப் பெண் ஒன்பதாவது வரை வந்து சேர்ந்ததே அதனால்தான். "இந்தக் களத்துல வேல இருக்கறவரிக்கும் எம்பொண்ணு படிக்கும் டீச்சர்" என்று ஒருமுறை சொன்னாள். நான் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே தலையாட்டினேன்.

அந்தக் களத்துக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. மரியாதைப்பட்டவர்கள் அடித்த பந்து கோட்டைத் தாண்டி விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகத்தான் சொல்வார்கள். நான் அடித்தது ஒரு முழம் வெளியே போகும், நர்ஸ் குனிந்து பார்த்துவிட்டு "கோட்டுல பட்டுச்சு டீச்சர்" என்பாள். அவள் பிள்ளை எங்கள் பள்ளியில் படித்தான். மூட்டை எண்ணிக்கொண்டிருக்கும் மில் மேஸ்திரி எண்ணிக்கையை விட்டுவிட்டுக் கை தட்டுவார். எனக்கு அது பழகிப்போய், உண்மையாகவே நான் நன்றாக ஆடுகிறேன் என்று நம்பிவிட்டேன். இதில் என்ன வெட்கம் என்றால், முப்பது வருடமாக அடுத்தவர் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் வட்டம் போட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

ஒருநாள் படுதோல்வி. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்று வியர்வையைத் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, நாம ஏன் இப்படித் தோக்கறோம்?" என்று என் ஜோடியிடம் கேட்டேன். அது கேள்வியே இல்லை. உன்னால்தான் என்பதைக் கௌரவமாகச் சொல்லும் முறை.

அவள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டாள். "நெஜமாவே கேக்கறீங்களா டீச்சர்?"

"கேக்கறேன், சொல்லு."

"சர்வீஸ் போடசொல்ல பந்தத் தலைக்குப் பின்னாடி தூக்கிப் போடறீங்க. அப்புறம் ஒடம்ப வளைச்சிக்கினு அத்தத் தேடறீங்க. முன்னாடி போட்டா நேரா அடிக்கலாம். அடிச்சதும் பந்தப் பாக்கறதில்ல, அந்தம்மா மூஞ்சப் பாக்கறீங்க, நல்லா இருந்துச்சான்னு."

எனக்கு முகம் சுட்டது. "நீ பெரிய கோச்சு" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, யாரும் பார்க்காதபோது, மொட்டைமாடியில் கொடிக்கயிற்றுக்குக் கீழே நின்று பந்தைத் தூக்கிப் போட்டுப் பார்த்தேன். பத்துத் தடவை போட்டால் எட்டுத் தடவை என் முதுகுக்குப் பின்னால் போய் விழுந்தது. உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் முன்னால் போட்டுப் பழகினேன். அந்த வாரமே என் சர்வீஸை எடுக்க மில்லுக்காரம்மா திணறினார்.

"நீ சொன்னது சரிதாம்மா" என்று அவளிடம் போய்ச் சொன்னேன். "இனிமே எது தப்பாத் தெரிஞ்சாலும் உடனே சொல்லிடணும்."

"எல்லார் எதிர்லயுமா?"

"யார் இருந்தா என்ன? சொல்லு."

"அப்புறம் கோச்சிக்கக் கூடாது."

"மாட்டேன்."

அதற்குப் பின் வந்த மூன்று மாதம்தான் நான் உண்மையில் டென்னிஸ் ஆடிய காலம். முட்டியை மடக்குங்கள், பந்து வரும்முன்னாலேயே கையைப் பின்னால் கொண்டுபோங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்று அவள் பாட்டுக்குச் சொல்வாள். என் குறையைச் சொன்னவர்கள் என் வீட்டிலும் உண்டு. மாமியார் சொல்லியிருக்கிறார், கணவர் சொல்லியிருக்கிறார். அதெல்லாம் என்னைக் குட்டுவதற்காகச் சொன்னது. இவள் சொன்னதில் நான் நன்றாக ஆட வேண்டும் என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. அப்படி ஒருத்தர் என் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. அவள் பேச்சைக் கேட்கத்தான் சாயங்காலம் எப்போது வரும் என்று காத்திருந்தேன்.

ஒன்றை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. "நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல வர பந்த நீங்க வுட்டுடறீங்க டீச்சர்" என்று சொன்னாள். "அது உன் வலது கைக்கு வசதியா வருதும்மா, அதனாலதான்" என்றேன். "நா ஓரத்துல நிக்கறப்பவும் வுட்டுடறீங்களே" என்றாள். சரி சரி என்று பேச்சை மாற்றிவிட்டேன்.

மார்கழியில் ஒருநாள் மில்லுக்காரம்மாவின் மகனுக்குப் பெண் கொடுப்பதாகப் பேசிக்கொண்டிருந்த காஞ்சிபுரத்துக் குடும்பம் மில்லைப் பார்க்க வந்தது. களத்து ஓரம் நாற்காலி போட்டு, காபி கொடுத்து, எங்கள் ஆட்டத்தைப் பார்க்கவைத்தார்கள். அன்றைக்கு எனக்கு நன்றாகவே வந்தது. பெண்ணின் அப்பா இரண்டு தடவை "பரவாயில்லையே டீச்சர்" என்றார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

கடைசிப் பாயிண்டில் நர்ஸ் அடித்த பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் வந்தது. என்னிடமிருந்து ஒரு எட்டு. அவளிடமிருந்து மூன்று எட்டு இருக்கும். நான் நின்றேன். பந்து போய்விட்டது. "அடடா" என்றார் பெண்ணின் அப்பா. உடனே நான் அவள் பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி, "என்னம்மா, தூங்கறியா? உன் பந்து இல்ல அது?" என்றேன்.

அவள் ராக்கெட்டை முந்தானையில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "இல்ல டீச்சர், உங்க பந்து. நடுவுல வரத வுட்டுட்டு, போனதுக்கு அப்புறம் எப்பவும் என்னத்தான் கேக்கறீங்க."

தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் பேசுவாளே, அதே குரல். அதில் துளிகூட எதிர்ப்பு இல்லை. நான் கேட்டுக்கொண்டதைத்தான் செய்தாள். பெண்ணின் அம்மா மில்லுக்காரம்மாவிடம் சிரித்துக்கொண்டே, "உங்க மில்லுல வேலை செய்யறவங்க நல்லா பேசறாங்க" என்றார். மில்லுக்காரம்மா காபி டம்ளர்களை எடுக்கப் போய்விட்டார்.

மறுநாள் நான் ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது மில்லுக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், நேத்து எனக்கு மானமே போச்சு. அவங்க எதிர்ல உங்களைப் போய் அப்படிப் பேசிட்டாளே. அவர் ரொம்பக் கோபமா இருக்கார், அவளை நிறுத்திடறேன்னு சொல்றார். உங்களைத்தானே சொன்னா, நீங்களே சொல்லுங்க, என்ன பண்ணலாம்?"

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அவர் என்னிடம் கேட்டார். நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான்தான் அவளைச் சொல்லச் சொன்னேன் என்று. அதைச் சொன்னால், களத்தில் நெல் புரட்டுகிறவளிடம் நான் பாடம் கேட்டுக்கொண்டிருந்ததும், அந்தப் பந்து என்னுடையதுதான் என்பதும் வெளியே வந்துவிடும். மூன்றாவது பீரியட் மணி அடித்தது.

"உங்க மில்லு, உங்க ஆளு. நான் என்ன சொல்ல?" என்றேன்.

வைத்துவிட்டு வகுப்புக்குப் போனேன். மறைக்காமல் சொல்கிறேன், அப்போது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது. வகுப்பில் அவள் பெண் எழுந்து நின்று வணக்கம் சொன்னாள். உட்காரச் சொல்லிவிட்டுப் பாடம் நடத்தினேன்.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் நான் களத்துப் பக்கம் போகவில்லை. பொங்கல் வேலை, பேப்பர் திருத்தும் வேலை என்று எனக்கே காரணம் சொல்லிக்கொண்டேன். பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது அந்தப் பெண் வரவில்லை. இரண்டு நாள், நாலு நாள், ஒரு வாரம். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேராக நான்தான் தினமும் ஆப்சென்ட் போட்டேன். ஏழாவது நாள் பக்கத்து பெஞ்ச் பெண்ணிடம் கேட்டேன். "அவங்க சூளைக்குப் போய்ட்டாங்க டீச்சர். எல்லாரும்தான்."

அன்று சாயங்காலம் மில்லுக்குப் போனேன். களத்தில் புதிதாக இரண்டு பெண்கள் நெல்லைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். மில்லுக்காரம்மாவிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். நான் கேட்டதால்தான் அவள் சொன்னாள், எல்லோர் எதிரிலும் சொல்லலாம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன், அந்தப் பந்தும் என்னுடையதுதான் என்றேன்.

"உங்க முகத்துக்காகத்தானே டீச்சர் நிறுத்தினோம்" என்றார். "நான் போன் பண்ணிக் கேட்டேனே."

ஆள் போட்டாகிவிட்டது, இனி வீட்டுக்காரர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றார். வலை கட்டியபடியே இருந்தது. நான் அதன் பிறகு அங்கே ஆடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறிப் பழையசீவரம் போய், அங்கிருந்து ஆட்டோ பிடித்துச் சூளையைத் தேடிக்கொண்டு போனேன். அவள் வெயிலில் குந்தி, வரிசை வரிசையாக வைத்திருந்த சுடாத பச்சைச் செங்கற்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, செருகியிருந்த புடவையை இறக்கிவிட்டுக்கொண்டு, "வாங்க டீச்சர்" என்றாள். பெண்ணும் வந்தாள். முழங்கை வரை சேறு. வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியவள் சேற்றைப் பார்த்துவிட்டுப் பின்னால் மறைத்துக்கொண்டாள். வாங்கிப் போயிருந்த பிரெட்டையும் பிஸ்கட்டையும் அவளிடம் கொடுத்தேன்.

"தப்பு என்னுதும்மா" என்றேன் அவள் அம்மாவிடம். "நான்தான் சொல்லச் சொன்னேன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல. கேட்டாங்க, வாயைத் திறக்கல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர். நாதான் வாய வச்சிக்கினு சும்மா இருந்திருக்கணும்."

"நீ சொன்னது சரி. அது என் பந்துதான்."

"எனக்கு இன்னா டீச்சர் தெரியும். நீங்க நல்லாத்தான் ஆடறீங்க."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நர்ஸ் பேசுவது போலவே இருந்தது. என்னைத் திட்டு என்று கேட்கத்தான் நான் அங்கே போயிருந்தேன் என்பது அப்போதுதான் புரிந்தது. திரும்பத் திரும்பக் கேட்டேன். "உம் மனசுல இருக்கறத சொல்லும்மா." அவள் சிரித்தாள். "நீங்க இவ்ளோ தூரம் வந்ததே பெரிசு டீச்சர். வெயில் ஏறிக்கினு கீது, கெளம்புங்க."

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகு எனக்கு உறைத்தது. பிரெட் வாங்கத் தெரிந்தவளுக்கு அரசு விடுதியில் பெண்ணைச் சேர்க்க ஒரு விண்ணப்பப் பாரம் வாங்கிக்கொண்டு போகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்காக நான் போகவில்லை, என் மனபாரத்தை இறக்கிவைக்கப் போயிருக்கிறேன். பழைய நாளாக இருந்தால் அவளே என் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாள். இப்போது நானே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

மறுநாள் பாரம் வாங்கினேன். ஹெட்மாஸ்டரிடம் போனேன், விடுதிக் காப்பாளரிடம் இரண்டு நாள் நடையாக நடந்தேன், என் குணத்துக்கு ஒத்துவராத அளவுக்குக் கெஞ்சினேன். அடுத்த ஞாயிறு சூளையில் அவளிடம் கையெழுத்து வாங்கினேன். என்ன பாரம், எத்தனை நாள் என்று அவள் எதுவும் கேட்கவில்லை, காட்டிய இடத்தில் போட்டாள். மாசி பாதியில் பெண் விடுதிக்கு வந்தாள். ஒன்றரை மாதப் பாடம் போயிருந்தது. எப்படியோ பத்தாவதுக்கு ஏறிவிட்டாள். பத்தாவதுக்கும் நான்தான் கணக்கு.

ஆனியில் குடும்பம் குடியிருப்புக்குத் திரும்பியது. பெற்றோர் கூட்டத்துக்கு அவள் வந்தாள். வெயிலில் இன்னும் கறுத்து, ஒரு சுற்று இளைத்திருந்தாள். மற்ற பெற்றோர்கள் போன பிறகு கடைசியாக, பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் மேஜைமுன் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என் பாடம் புரியவில்லை என்பது எனக்குத் தெரியும். நோட்டில் நான் போர்டில் போட்டது அப்படியே இருக்கும், அதற்குக் கீழே தானாகச் செய்த கணக்கு ஒன்றுகூட இருக்காது. விட்டுப்போன பாடத்தை நான் தனியாக நடத்தவில்லை. நான் வேகமாகப் போகிறவள், யார் பின்தங்கினாலும் திரும்பிப் பார்க்காமல் போகிறவள். அதை யாராவது என்னிடம் சொல்ல வேண்டும். இவள் சொன்னால் நான் கேட்பேன். கேட்டு மாற்றிக்கொள்வேன்.

"உம் பொண்ணு என் கிளாஸ் எப்படி இருக்குன்னு சொல்றா?" என்றேன். "புரியலைன்னா புரியலைன்னு சொல்லும்மா. எங்கிட்ட குறை இருந்தா தாராளமா சொல்லு. உங்கிட்டதான் கேக்கறேன்."

"உங்ககிட்ட இன்னா டீச்சர் கொற?" என்றாள் அவள். "எல்லாம் நல்லாத்தான் கீது."

பெண் என்னைப் பார்த்தாள். "டீச்சர், அந்த..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, பக்கத்தில் நின்ற மகளின் கையைப் பிடித்து அழுத்தினாள். பெண் வாயை மூடிக்கொண்டாள்.